குட்டிகளின் கணக்கு: நாய்ப் பெருக்கத்தை வகுப்பறையில் கற்பித்தல்

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும்போது, நம் பள்ளிகள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். மாடிப்படிக்கு அடியிலோ, கலையரங்க மேடைக்குப் பின்னாலோ, சத்துணவுக் கூடத்தின் ஓரத்திலோ ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருக்கும். சில குழந்தைகள் பால் பாக்கெட் வாங்கி வருவார்கள். சிலர் கல்லெடுப்பார்கள். ஒரு பெற்றோர் வந்து புகார் சொல்வார். தலைமையாசிரியர் உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவார். சில வாரங்களில் இரண்டு குட்டிகள் வண்டியில் அடிபட்டிருக்கும். ஒன்றை யாரோ வீட்டுக்குக் கொண்டு போயிருப்பார்கள். மீதி வளர்ந்து தெருவில் கலந்துவிடும். அடுத்த ஆண்டு ஜனவரியில் இதே கதை மறுபடியும் நடக்கும்.

இது ஏன் ஆண்டுதோறும் நடக்கிறது, இதை எப்படிக் குறைப்பது என்பதை மாணவர்களே கணக்கிட்டுக் கண்டறியும்படி ஒரு பாடமாக மாற்ற முடியும். அதற்கான தகவல்களும், ஒரு கணக்கும், வகுப்புவாரியான செயல்பாடுகளும் இக்கட்டுரையில் தரப்பட்டுள்ளன.

இதை ஏன் பள்ளியில் கற்பிக்க வேண்டும்?

ரேபீஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய்க்கு அறிகுறிகள் தோன்றிய பின் சிகிச்சை இல்லை. அநேகமாக எல்லோருமே இறந்துவிடுகிறார்கள். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்கிறது. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதத்தினர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. 43 பேர் ரேபீஸால் இறந்தனர். தெருநாய்களைப் பற்றிய பேச்சு நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் உயிரைப் பற்றிய பேச்சும்தான்.

மறுபக்கத்தில், தெருவில் பிறக்கும் குட்டிகளின் நிலையும் கொடியது. மேற்கு வங்காளத்தில் ஆய்வாளர்கள் 364 தெருநாய்க் குட்டிகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தனர். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. அதாவது ஐந்து குட்டிகளில் ஒன்றுதான் பிழைக்கிறது. நாயிடம் அன்பு காட்டும் குழந்தை, நாயைக் கண்டு அஞ்சும் குழந்தை ஆகிய இருவருக்கும் தேவையான பதில் ஒன்றே: தேவையற்ற பிறப்புகள் குறைய வேண்டும்.

நம் பாடங்களோடும் இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. அறிவியலில் இனப்பெருக்கம், நோய்கள், தடுப்பூசி. கணிதத்தில் சதவீதம், விகிதம், பெருக்குத் தொடர். சமூக அறிவியலில் உள்ளாட்சி, அடிப்படைக் கடமைகள் எனப் பல பாடங்களை இதனோடு இணைக்கலாம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு கூறுகிறது. உயிர் வாழும் உரிமையை 21ஆம் பிரிவு உறுதி செய்கிறது. இவ்விரண்டும் ஒரே தெருவில் சந்திக்கும்போது என்ன செய்வது என்பது நல்ல விவாதப் பொருள்.

பாடம் தொடங்குமுன் ஆசிரியர் அறிய வேண்டியவை

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். ஒரு ஈற்றில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு குட்டிகள் பிறக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் குட்டி பருவத்துக்கு வந்துவிடும். வளர்ப்பு நாய்கள் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். நம் நாட்டுத் தெருநாய்களில் மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் இணைசேர்தல் மிகுதி. அதனால் குளிர்கால மாதங்களில் குட்டிகள் அதிகம் கண்ணில் படுகின்றன. பள்ளி திறக்கும் ஜனவரியில் குட்டிகளைக் காண்பதற்குக் காரணம் இதுவே.

கருத்தடை அறுவை சிகிச்சையில் பெட்டை நாய்க்குச் சூலகங்களும், பெரும்பாலும் அவற்றோடு கருப்பையும் அகற்றப்படுகின்றன. ஆண் நாய்க்கு விந்தகங்கள் அகற்றப்படுகின்றன. இரண்டும் மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவரால் செய்யப்படுபவை. பொதுவாக ஆறு மாத வயதுக்குப் பிறகு செய்வார்கள். தெருநாய்க்கு அப்போதே ரேபீஸ் தடுப்பூசியும் போட்டு, அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு இடுவார்கள். காயம் ஆறும்வரை சில நாள்கள் கூண்டில் வைத்துப் பராமரித்த பின் பிடித்த இடத்திலேயே விடுவது வழக்கம். காதில் வெட்டுள்ள நாயைக் கண்டால் அது கருத்தடை செய்யப்பட்ட நாய் என்று மாணவர்கள் தூரத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

கணக்குப் பாடம்: நூறு பெட்டை நாய்கள்

கீழே உள்ளது ஒரு வகுப்பறைக் கணக்கு. இதிலுள்ள எண்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. எந்த ஊரின் கணிப்பும் அல்ல. குட்டிகளின் பிழைப்பு விகிதத்தை மட்டும் மேலே சொன்ன ஆய்வை ஒட்டி ஐந்தில் ஒன்று என வைத்துக்கொள்வோம்.

ஓர் ஊரில் 100 வளர்ந்த பெட்டை நாய்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை 5 குட்டிகள் ஈனும். குட்டிகளில் பாதி பெட்டை. ஐந்தில் ஒன்று பிழைக்கும். வளர்ந்த நாய்களில் ஆண்டுக்கு 30 சதவீதம் இறந்துபோகும். பிழைத்த குட்டிகள் அடுத்த ஆண்டு ஈனத் தொடங்கும்.

முதல் ஆண்டுக் கணக்கு: 100 தாய்கள் × 5 = 500 குட்டிகள். பெட்டைக் குட்டிகள் 250. பிழைப்பவை 50. இறந்த வளர்ந்த நாய்கள் 30. ஆக, 100 − 30 + 50 = 120.

அடுத்தடுத்த ஆண்டுகளில் 1.2ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 120, 144, 173, 207, 249 என வரும். ஐந்தே ஆண்டில் எண்ணிக்கை இரண்டரை மடங்காகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு சுவையான ஒப்பீடு செய்யலாம். ஒரு பெட்டை நாயும் அதன் வழித்தோன்றல்களும் ஆறு ஆண்டுகளில் 67,000 நாய்களாகும் என்ற செய்தி உலகெங்கும் விளம்பரங்களில் சுற்றி வருகிறது. பிறக்கும் குட்டிகள் எல்லாமே பிழைத்தால் நம் கணக்கில் என்ன ஆகும் என்று மாணவர்களைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாயும் சாகாது, எல்லாப் பெட்டைக் குட்டியும் ஈனும் என்று வைத்தால் ஆண்டுக்கு 3.5 மடங்கு. ஒரு பெட்டை ஆறு ஆண்டில் 1,838 ஆகிவிடும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு இன்னும் அதிகக் குட்டிகள் என்று வைத்தால் எண் மேலும் எகிறும். ஆனால் பிழைப்பு விகிதத்தையும் இறப்பையும் சேர்த்தால், 1.2ஐ ஆறு முறை பெருக்க, ஏறத்தாழ 3 மட்டுமே வருகிறது. 1,838 எங்கே, 3 எங்கே? ஒரு கணக்கின் விடை அதன் அனுமானங்களைப் பொறுத்தது என்பதை இதைவிட எளிதாகப் புரியவைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் எண்களை அப்படியே நம்பக் கூடாது என்ற பாடமும் கூடவே கிடைக்கிறது. அந்த மூன்று என்ற எண்ணுமே சிறியதல்ல என்பதையும் சொல்லுங்கள்; ஆறு ஆண்டில் மும்மடங்கு என்பது எந்த ஊருக்கும் பெரும் சுமைதான்.

இப்போது கருத்தடையைக் கணக்கில் சேர்ப்போம். 100 பெட்டைகளில் 70க்குக் கருத்தடை செய்தாயிற்று. ஈனுபவை 30 மட்டுமே. 30 × 5 = 150 குட்டிகள்; பெட்டைகள் 75; பிழைப்பவை 15. ஆக, 100 − 30 + 15 = 85. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் நாய்களுக்கும் செய்து, 70 சதவீதத்தைக் குறையாமல் காத்துவந்தால் 85, 72, 61, 52, 44 என எண்ணிக்கை இறங்குகிறது. ஒரு நாயைக்கூடக் கொல்லாமல், ஐந்து ஆண்டில் பாதிக்கும் கீழ்.

பிறகு இந்த வினாவைக் கேளுங்கள்: “எத்தனை சதவீதம் செய்தால் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் நிற்கும்?” இறப்பு 30. எனவே புதிதாகச் சேர்வதும் 30 ஆக வேண்டும். அதற்கு 60 தாய்கள் போதும். அதாவது 40 சதவீதக் கருத்தடை. அதற்குக் கீழே எவ்வளவு செய்தாலும் இந்த ஊரில் நாய்கள் பெருகிக்கொண்டேதான் இருக்கும். கொஞ்சம் செய்தால் கொஞ்சம் பலன் கிடைக்கும் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். இங்கே அப்படி இல்லை. ஒரு கோட்டைத் தாண்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் பலன் வருகிறது.

பிடித்துக்கொண்டு போனால் தீராதா?

மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. இதையும் கணக்காகவே செய்யலாம். 100இல் 30 நாய்களைப் பிடித்து அகற்றுகிறோம். மீதி 70. ஆனால் தெருவில் கிடக்கும் உணவு குறையவில்லை. நாய்கள் குறைந்ததால் ஒவ்வொரு குட்டிக்கும் கூடுதல் உணவு கிடைக்கிறது. ஐந்தில் ஒன்றுக்குப் பதில் ஐந்தில் இரண்டு பிழைக்கிறது என்று கொள்வோம். 70 × 5 = 350; பெட்டைகள் 175; பிழைப்பவை 70. இறப்பு 21. ஆக, 70 − 21 + 70 = 119. ஒன்றுமே செய்யாதபோது 120 வந்தது; 30 நாய்களை அகற்றிய பிறகு 119 வருகிறது. பக்கத்துத் தெரு நாய்கள் காலி இடத்துக்கு வருவதை இதில் சேர்க்கவே இல்லை. கருத்தடை செய்த நாயோ தன் இடத்திலேயே இருக்கிறது. அந்த இடத்து உணவைத் தானே உண்கிறது. குட்டி மட்டும் போடுவதில்லை.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. சென்னை மாநகராட்சி நூறாண்டுகளுக்கும் மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்கள் குறையவில்லை. 1960களிலிருந்தே கருத்தடையை வலியுறுத்தி வந்த புளூ கிராஸ் அமைப்புடன் இணைந்து 1996இல் மாநகராட்சி புதிய முறைக்கு மாறியது. பிறகு 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. 2023இல் அவற்றுக்குப் பதிலாக விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கொண்டுவரப்பட்டன. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுடையது.

ஜெய்ப்பூரில் 1994இல் தொடங்கிய திட்டத்தில் எட்டு ஆண்டுகளில் அப்பகுதிப் பெட்டை நாய்களில் 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டன. நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. திட்டப் பகுதியில் மனித ரேபீஸ் மரணங்களும் இல்லாமற்போயின.

முன்னோடியான சென்னையின் இன்றைய நிலை என்ன? 2018 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 57,000 தெருநாய்கள் இருந்தன. 2024இல் அது ஏறத்தாழ 1.8 லட்சம். அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை 27 சதவீதம். இந்த 27ஐ நம் வகுப்பறைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 73 தாய்கள், பிழைக்கும் பெட்டைகள் 36 அல்லது 37, ஆண்டு முடிவில் 106க்கு மேல். எண்ணிக்கை கூடவே செய்கிறது. சென்னையின் உண்மை நிலவரத்தில் இன்னும் பல காரணங்கள் கலந்துள்ளன. என்றாலும் ஒரு திட்டம் இருப்பதும், அது போதிய அளவில் நடப்பதும் வேறு வேறு என்பது மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

வீட்டிலிருந்து தெருவுக்கு

இதுவரை தெருநாய்களை மட்டுமே பேசினோம். கணக்கில் இன்னும் ஒரு வரியைச் சேருங்கள். 70 சதவீதக் கருத்தடை நடக்கும் அதே ஊரில், வீடுகளில் பிறந்த 15 பெட்டைக் குட்டிகள் ஆண்டுதோறும் தெருவில் விடப்பட்டுப் பிழைத்துக்கொள்கின்றன என்போம். 85 + 15 = 100. அடுத்த ஆண்டும் 100. அதற்கடுத்த ஆண்டும் 100. உள்ளாட்சி செய்த அத்தனை வேலையும் அந்தப் பதினைந்து குட்டிகளால் பலனற்றுப் போகிறது. பாடத்தின் மையமே இந்த ஒரு வரிதான். இதைக் கரும்பலகையில் மாணவர்களையே எழுதவைப்பது நல்லது.

வீட்டு நாய் குட்டி போட்டால் ஆண் குட்டிகளைக் கேட்டு வாங்கிப்போக ஆள் வரும். பெட்டைக் குட்டிகளை யாரும் கேட்பதில்லை. அவை சாக்குப்பையில் போய்ச் சந்தை, கோயில், ஏரிக்கரை, பள்ளி வாசல் என்று சேர்கின்றன. வளர்க்கும் விலங்கைப் பசியில் வாடும்படி கைவிடுவது, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960இன்படி குற்றம். ஆனால் சட்டத்தைச் சொல்லி மட்டும் இது நிற்காது. தனியார் மருத்துவமனையில் பெட்டை நாய்க்கு அறுவை சிகிச்சை செய்யச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது பல நாள் வருமானம். நாயைக் கொண்டுபோக ஆட்டோச் செலவு, ஒருநாள் வேலை இழப்பு, பிறகு ஒரு வாரம் காயத்தை நக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை என எல்லாம் சேரும். அந்தக் குடும்பத்துக்கு அன்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கைக்கெட்டும் விலையில் வழி இல்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

எனவே மாணவர்களுக்குத் தர வேண்டிய மிகப் பயனுள்ள தகவல், தம் ஊரில் குறைந்த செலவில் இதை எங்கே செய்யலாம் என்பதுதான். அரசு கால்நடை மருந்தகம், கால்நடை மருத்துவமனை, மாவட்டத் தலைநகரின் பன்முக மருத்துவமனை, கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்களில் அதன் மருத்துவமனை, மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனை, விலங்குநல அமைப்புகள் ஆகியவற்றில் விசாரிக்கலாம். கட்டணமும் நாளும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ஓர் ஆசிரியர் நேரில் சென்று கேட்டு, முகவரி, நாள், நேரம், செலவு, கொண்டுவர வேண்டியவை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், எந்தச் சொற்பொழிவையும்விட அது பயன்தரும். பெற்றோர் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கால்நடை உதவி மருத்துவரை அழைத்து ஒருநாள் தடுப்பூசி முகாமுக்கு ஏற்பாடு செய்து, அங்கேயே கருத்தடைக்குப் பெயர் பதியச் செய்வதும் நடக்கக்கூடியதே.

வகுப்பில் எழும் ஐயங்கள்

“சார், ஆபரேஷன் பண்றது பாவம் இல்லையா?” இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் உண்மையாகவே நம்புவது இது. ஐந்தில் நான்கு குட்டிகள் பசியிலும் நோயிலும் சக்கரத்திலும் சாவதை அவர்கள் முன் வைத்து, எது குறைந்த துன்பம் என்று மாணவர்களையே முடிவு செய்ய விடுங்கள்.

“ஒரு தடவையாவது குட்டி போட்டால்தானே உடம்புக்கு நல்லது?” இல்லை. அப்படி ஒரு மருத்துவத் தேவை கிடையாது. குட்டி போடாத நாய்க்கு அதனால் நோய் வருவதில்லை. மாறாக, கருப்பை அகற்றப்பட்ட நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தான நோய் வராது.

“அப்புறம் காவல் காக்குமா?” காக்கும். குரைப்பதும் தன் இடத்தைக் காப்பதும் இதனால் போய்விடுவதில்லை. ஆண் நாய் இணை தேடி ஊர் சுற்றுவதும் அதற்காகச் சண்டையிடுவதும் பெரும்பாலும் குறையும்.

“குண்டாகிவிடுமே?” சற்று எடை கூட வாய்ப்புண்டு. உணவைக் கொஞ்சம் குறைத்து, நடக்க விட்டால் போதும்.

“இதனால் நாய் கடிப்பது நின்றுவிடுமா?” இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கருத்தடை செய்த நாயும் கடிக்கலாம். குட்டியைக் காக்கும் தாயின் சீற்றமும், இணைசேர் பருவத்துச் சண்டையும் இல்லாததால் கடிபடும் வாய்ப்பு குறையும். ரேபீஸைத் தடுப்பது தடுப்பூசி. பெருக்கத்தைத் தடுப்பது கருத்தடை. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

வகுப்புவாரிச் செயல்பாடுகள்

1 முதல் 3ஆம் வகுப்பு வரை: நாயின் உடல்மொழியைப் படங்களால் அறிதல். வால், காது, பல் ஆகியவற்றைப் பார்த்து ‘அமைதி’, ‘பயம்’, ‘கோபம்’ எனப் பிரிக்கச் செய்யலாம். நாய் நெருங்கினால் ஓடாமல், கைகளை உடலோடு சேர்த்து, மரம்போல அசையாமல் நிற்கும் விளையாட்டை நடத்தலாம். தூங்கும் நாய், உண்ணும் நாய், குட்டியோடு இருக்கும் நாய் ஆகிய மூன்றின் பக்கமும் போகக் கூடாது என்பது மனத்தில் பதியட்டும்.

4, 5ஆம் வகுப்புகள்: ஒரு தாய், ஐந்து குட்டிகள் எனப் புளியங்கொட்டைகளை வைத்து மூன்று ‘ஆண்டுகள்’ விளையாடுதல். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் நான்கைத் திரும்ப எடுக்க வேண்டும். பிறகு, கருத்தடை செய்த தாய்க்குச் சிவப்புக் கொட்டையை வைத்து மறுபடியும் விளையாடி, இரண்டையும் ஒப்பிடலாம்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை: பெயரில்லாத வகுப்புக் கணக்கெடுப்பு. வீட்டில் நாய் உண்டா, ஆணா பெட்டையா, தடுப்பூசி போட்டாயிற்றா, கருத்தடை செய்தாயிற்றா என நான்கு கேள்விகள் போதும். விடைகளைச் சதவீதமாக்கிப் பட்டை வரைபடம் வரையலாம். குட்டிகளை எங்கே விட்டார்கள் என்று கேட்க வேண்டாம். எந்தக் குழந்தையும் தன் வீட்டுக்காகத் தலைகுனிய நேரக் கூடாது.

9, 10ஆம் வகுப்புகள்: மேலே உள்ள நூறு நாய்க் கணக்கு. குட்டிகளின் எண்ணிக்கை, பிழைப்பு விகிதம், கருத்தடைச் சதவீதம் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் குழுக்களாகச் செய்யலாம். எந்த மாற்றம் விடையை அதிகம் பாதிக்கிறது என ஒவ்வொரு குழுவும் வாதிட வேண்டும்.

11, 12ஆம் வகுப்புகள்: உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் விரிதாளில் பத்து ஆண்டுகளுக்குக் கணக்கை நீட்டித்தல். நாய்கள் குறையக் குறையக் குட்டிகளின் பிழைப்பு விகிதம் கூடினால் கருத்தடைத் திட்டத்தின் வேகம் என்னாகும் என்று ஆராயலாம். குப்பை மேலாண்மையும் சேர்ந்தே நடக்க வேண்டியதன் காரணம் அதிலிருந்து தெரியவரும். தமிழ்ப் பாடவேளையில் ஊராட்சி அல்லது நகராட்சிக்கு முறையான விண்ணப்பக் கடிதம் எழுதுவதைப் பயிற்சியாகத் தரலாம். சிறந்த கடிதத்தைத் தலைமையாசிரியர் வழியாக உண்மையாகவே அனுப்புங்கள்.

ஓர் எச்சரிக்கை: எந்தச் செயல்பாட்டுக்காகவும் மாணவர்களைத் தெருவில் நாய் எண்ணவோ, பிடிக்கவோ, உணவு வைக்கவோ அனுப்பக் கூடாது. குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சவும் விடக் கூடாது. குட்டிக்கும் ரேபீஸ் இருக்கலாம். அதன் சிறு பல் பட்டதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் ஆபத்து.

கடிபட்டால்

பாடத்தில் எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது. கடியோ கீறலோ பட்டவுடன் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்கு, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். மருத்துவர் குறித்த நாள்களில் எல்லாத் தவணைகளையும் போட்டு முடிக்க வேண்டும். அடுத்த தவணைக்கு மாணவரை அனுப்பினார்களா என்று வகுப்பாசிரியர் கேட்டறிவது அவசியம்.

பல குழந்தைகள் அடிக்குப் பயந்து கடிபட்டதை வீட்டில் சொல்வதில்லை. “நாயைச் சீண்டினாயா?” என்று கேட்காமல் “எங்கே பட்டது, காட்டு” என்று கேட்கும் ஆசிரியரிடம் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பள்ளி வளாகத்தில் நாம் செய்ய வேண்டியது

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களில் நாய்கள் நுழையாதபடி வேலி அமைக்கவும், அங்குள்ள நாய்களைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் அதே வளாகத்தில் விடாமல் காப்பகங்களுக்கு மாற்றவும் கூறியது. இது தொடர்பாக அவ்வப்போது வரும் துறைச் சுற்றறிக்கைகளைத் தலைமையாசிரியர்கள் கவனித்து நடக்க வேண்டும். வளாகத்துக்குள் குழந்தைகளின் பாதுகாப்பே முதன்மை. ஆனால் சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள தெருவில் பிறப்புகள் குறையாவிட்டால், அடுத்த ஜனவரியில் வாசலில் மறுபடி குட்டிகள் இருக்கும்.

சுவரில் உள்ள இடைவெளிகளை அடைப்பது, காலை உணவு, சத்துணவு மிச்சங்களை மூடிய தொட்டியில் சேர்த்து அன்றன்றே அகற்றுவது, தட்டு கழுவும் இடத்தில் சோறு தேங்காமல் பார்ப்பது ஆகியவை நம் கையில் உள்ளவை. குட்டி போட்ட நாயை வளாகத்தில் கண்டால் அந்தப் பகுதியைக் கயிறு கட்டித் தடுத்து, அன்றே உள்ளாட்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணை அழைக்கலாம்.

செப்டம்பர் 28 உலக ரேபீஸ் நாள். ரேபீஸ் தடுப்பூசியை உருவாக்கிய லூயி பாஸ்டரின் நினைவு நாள் அது. நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கி வருவதையும் அன்று மாணவர்களுக்குச் சொல்லலாம். இணைசேர் பருவம் உச்சத்தை எட்டும் காலமும் ஏறத்தாழ அதுவே. எனவே இப்பாடத்தை ஜனவரி வரை தள்ளிப்போடாமல் காலாண்டுத் தேர்வை ஒட்டி நடத்தினால், கருத்தடைக்கான முகவரித்தாள் குட்டிகள் பிறப்பதற்கு முன்பே வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஓர் ஊரில் 200 பெட்டை நாய்கள் உள்ளன. 120க்குக் கருத்தடை செய்யப்பட்டுள்ளது. மேற்கண்ட விகிதங்களின்படி ஓராண்டுக்குப் பின் எத்தனை இருக்கும்? (விடை: 180)

2. அதே ஊரில் வீடுகளிலிருந்து ஆண்டுக்கு எத்தனை பெட்டைகள் தெருவுக்கு வந்தால் எண்ணிக்கை குறையாமல் நின்றுவிடும்? (விடை: 20)

3. தடுப்பூசி மட்டும் போட்டு, கருத்தடை செய்யாவிட்டால் என்ன நிகழும்? கருத்தடை மட்டும் செய்து, தடுப்பூசி போடாவிட்டால்?

4. உங்கள் ஊரில் பெட்டை நாய்க்குக் குறைந்த செலவில் கருத்தடை செய்யும் இடம் எது? செலவு எவ்வளவு? வீட்டுப் பெரியவர்களோடு சென்று கேட்டு எழுதிவருக.